பத்தாவது கூடு

துப்பாக்கிச் சங்கத்தின் புதுச் செயலாளர் தம்பி போன வாரம் குளுவாங்கில் என் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற ஸ்டோர்காரனை நலம் விசாரிக்க வந்ததாகச் சொன்னார். உண்மையில் ஒரு பழைய சாவி எந்தப் பூட்டுக்கு என்று கேட்க வந்திருந்தார். பேச்சுவாக்கில், "அங்கிள், இப்பல்லாம் தோட்டா சீல் வச்ச டின்ல வருது. தொறந்து குடுக்க வேண்டியதுதான். நீங்க ஒவ்வொண்ணா நிறுத்தி, உருட்டி, பேரெல்லாம் வச்சீங்கன்னு பழைய ஆளுங்க சொல்லிச் சிரிக்கிறாங்க லா" என்றார்.

சிரிக்கட்டும். பேர் வைத்தது உண்மைதான். அப்புறம் என் மேசைமேல் இருந்த பித்தளைக் கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது கீறிப்போன கூடாச்சே, இத ஏன் வச்சிருக்கீங்க?" நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் சாவி விஷயம் முடிந்துவிட்டது, அவரும் கிளம்பிவிட்டார். ஆரம்பித்ததை முடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

என் குடும்பம் பித்தளைக் குடம் அடிக்கும் குடும்பம். குடத்தை விரலால் சுண்டினாலே அதன் ஜாதகம் சொல்லிவிடும் காது எனக்கு உண்டு. இருபது வயதில் மலாயாவுக்குக் கப்பலேறி, குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஏழு வருடம் பால் ஸ்டோரில் தராசு பிடித்தேன். மரத்திலிருந்து வரும் ரப்பர் பாலை அளப்பது, உறையாமலிருக்க மருந்து கலப்பது, இதுதான் வேலை. தோட்டத்தை ஒட்டி, லம்பாக் மலைப் பக்கம், துப்பாக்கிச் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே நிறுக்கத் தெரிந்த, கை நடுங்காத ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். பெரிய துரை என்னை அனுப்பினார். அவரே தோட்ட மானேஜர், அவரே சங்கத்தின் கேப்டன்.

ஸ்டோரில் எனக்கு மேலே இருந்தவர் என்சிக் யூசோப். என்சிக் என்றால் மலாயில் ஐயா மாதிரி, நாங்கள் அப்படியேதான் கூப்பிடுவோம். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கறுப்புச் சொங்கோக் தொப்பி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து நாங்கள் எங்கள் குற்றத்தின் அளவைத் தெரிந்துகொள்வோம். அவர் பேசியது மலாய். நான் தமிழில் தருகிறேன்.

முதல் வாரம் என்னைத் தராசிடம் விடவில்லை. "முதல்ல போய்ப் பள்ளத்துல உக்காரு" என்றார். ஆயிரம் கெஜத்துக்கு அந்தப் பக்கம், குறிப்பலகைகளுக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு வெட்டிய பள்ளம். பலகையை ஏற்றி இறக்குகிற ஆட்களோடு அதில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். சட்டென்று காகிதத்தில் ஒரு துளை. சுற்றிலும் அமைதி. அதற்கப்புறம்தான் தூரத்திலிருந்து 'டும்' என்று துப்பாக்கியின் சத்தம் சாவகாசமாக வந்து சேர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சத்தத்தையே முந்திக்கொண்டு ஒரு பொருள் வருகிறது, அதுவும் சுட்டவன் நினைத்த இடத்துக்கு வருகிறது! அன்று முழுக்க வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் என்சிக் கேட்டார்: "பாத்தியா? பெட்டியில கையை வைக்கிறப்ப எல்லாம் அதை நெனச்சிக்க."

பிறகு தோட்டாவைக் காட்டினார். பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, கூட்டின் வாயில் கவ்வி நிற்கும் குண்டு. எங்களிடம் இரண்டு ஜாதி இருந்தன. ஒன்று பழையது, மொட்டை மூக்கு, கனமான குண்டு. இன்னொன்று புதியது, கூர் மூக்கு, லேசு, வேகம். மொட்டை மூக்கின் மேல் பழைய துரைமாருக்கு ஒரு பாசம். ஆனால் ஆயிரம் கெஜத்தில் அது வானத்தைப் பார்த்து ஏறி, களைத்து இறங்கும். கூர் மூக்கு அவ்வளவு சுற்றிவளைக்காது. அதனால் கூர் மூக்கு என்று முடிவாயிற்று. ஆனால் அதிலும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, வருடத்துக்கு வருடம் குணம் மாறும். ஒரே நாளில் ஒரே மருந்தை அடைத்துச் செய்ததை ஒரு லாட்டு என்பார்கள். கூட்டை உடைத்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையை நாங்கள் தொடுவதில்லை. கையில் இருக்கும் லாட்டுகளில் எது யோக்கியன் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில்.

அந்த வருடம் மூன்று லாட்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் பத்து தோட்டா, மணல்மூட்டை மேல் துப்பாக்கியை அணைத்து, நிழலில் வைத்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என்சிக்கே சுடுவார். சூடான துப்பாக்கிக்குள் தோட்டாவைப் போட்டு யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. மருந்து சூடேறினால் குண்டு மேலே போகும். பத்தும் முடிந்ததும் பள்ளத்திலிருந்து காகிதத்தை எடுத்து வந்து தரையில் விரித்து, முட்டி போட்டு அளப்பார். துளைகள் எவ்வளவு அகலம் சிதறியிருக்கின்றன என்று அவர் பார்ப்பதே இல்லை. எவ்வளவு உயரம் சிதறியிருக்கின்றன என்பதை மட்டும்தான் பார்ப்பார். "அகலத்துக்குக் காத்து ஜவாப்தாரி. உயரத்துக்குத் தோட்டா ஜவாப்தாரி. சுடறவன் ரெண்டுத்துக்கும் நடுவுல பாவம்" என்பார். இரண்டாவது லாட்டின் பத்துத் துளைகளும் ஒரு சாண் சொச்ச உயரத்துக்குள் நின்றன. என்சிக் அந்தக் காகிதத்தை மடிக்காமல் சுருட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்த லாட்டைப் பிரிப்பது என் வேலை. தங்கத் தராசில் ஒவ்வொரு தோட்டாவையும் நிறுப்பேன். பிறகு கண்ணாடித் தகட்டில் உருட்டுவேன். மூக்கு கோணலாக இருந்தால் உருளும்போது தலையாட்டும். தலையாட்டாதது, எடை பிசகாதது 'மாப்பிள்ளை'. மற்றதெல்லாம் 'பந்திக்கு வந்தவர்கள்'. என்சிக்குக்கு இந்தப் பெயர்களின் அர்த்தத்தைச் சொன்னபோது சிரிக்காமல் கேட்டுவிட்டு, மறுநாள் முதல் அவரும் "மாப்பிள்ளை எத்தனை?" என்றே கேட்டார்.

அவருக்கு இரண்டு சட்டங்கள். சுட்டவன் எத்தனை தோட்டா வாங்கினானோ அத்தனை காலிக் கூடு திரும்பி வரவேண்டும். ஒருமுறை ஒரு கூடு குறைந்ததற்காக, ஒரு துரை உட்பட எங்கள் எல்லோரையும் அரை நாள் புல்லில் தவழவிட்டார். இரண்டாவது, தோட்டாவில் பழுது என்றால் சுட்டவன் கையைத் தூக்க வேண்டும். கீறிய கூட்டைக் காட்டினால் அந்தச் சூடு கணக்கில் சேராது, இன்னொன்று சுடலாம். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தேவசகாயம் அண்ணன். எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். ஞாயிறு காலை தேவாலயத்தில் பாட்டு, மாலையில் சுடும் களம். சங்கத்தின் எட்டுப்பேர் குழுவில் அதுவரை துரைமார்தான். சிங்கப்பூர்க் குழுவோடு நடக்கும் ஆயிரம் கெஜப் போட்டிக்கு, அந்த வருடம் எட்டாவது ஆளாக அண்ணன் பெயரைப் போட்டார்கள். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த இடம். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் எங்கள் ஆட்கள் தங்களுக்கே கிடைத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள்.

மாப்பிள்ளைகளை எட்டுப் பங்கு வைத்தோம். ஏழு பேர் தங்கள் பங்கை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அண்ணன் வீட்டுக் கூரை ஒழுகும். "ஒன்கிட்டயே இருக்கட்டும் முத்தையா. நீ பத்திரமா பாத்துக்குவ" என்று என்னிடமே விட்டுவிட்டார்.

மழைக்காலம். ஜொகூர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோர்ச் சுவரெல்லாம் வேர்த்தது. பந்திக்கு வந்தவர்கள் மேல் பச்சையாகக் களிம்பு பூக்க ஆரம்பித்தது. குடம் அடிக்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்குக் களிம்பு என்றால் வீட்டில் பாம்பு புகுந்த மாதிரி. என்சிக் நோன்பு மாதத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. எனக்கு என் பழைய பால் ஸ்டோர் நினைவு வந்தது. அதன் பின்னறை சிமெண்டு மேடை, நல்ல கூரை, ஈரமே அண்டாது. பால் உறையாமலிருக்கக் கலக்கும் அமோனியா ஜாடிகள் அங்கேதான் இருக்கும். அந்த மருந்து பட்ட துணியால் துடைத்தால் எந்தப் பித்தளையும் பளபளக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காற்று பட்டாலே களிம்பு கிட்ட வராது என்று நினைத்தேன். அண்ணனுடைய மாப்பிள்ளைகளை மட்டும் அட்டைப் பெட்டியோடு கொண்டுபோய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன். ஒரு நாள் பார்க்கப் போனவன், தராசையும் கொண்டுபோய் மறுபடி நிறுத்து, மூன்று மட்டும் மயிரிழை கனம் என்று பட்டதால் எடுத்து வந்து பந்திக் கூட்டத்தில் போட்டேன். அவ்வளவு அக்கறை!

போட்டிக்கு முதல் நாள் காலை. அண்ணன் ஒத்திகைக்கு ஐந்து சுட்டார். காலிக் கூடுகள் சிமெண்டுத் தரையில் விழுந்தன. கிணிங், கிணிங். மூன்றாவது, டொக்.

அது கீறல் விட்ட குடத்தின் சத்தம். பாய்ந்து எடுத்தேன். வாயிலிருந்து கீழே மயிர் போல ஒரு வெடிப்பு. நோன்பு முடிந்து திரும்பியிருந்த என்சிக் பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்தார். சுடாத தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலில் ஒன்றுக்குக் கழுத்தில் அதே கோடு. மற்றதையும் இனி நம்ப முடியாது. யாரும் அடிக்கவில்லை, கீழே போடவில்லை. பெட்டிக்குள் சும்மா படுத்திருந்த பித்தளை தானாக வெடித்திருக்கிறது. அவர் பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பட்டாளத்துல குதிரை லாயத்துக்கு மேல தோட்டா வச்சிருந்தாங்க. மழைக்காலத்துல எல்லாம் இப்படித்தான் வெடிச்சுது. குதிரை மூத்திரமும் ஒங்க பால் மருந்தும் ஒரே வாசனை. அடிச்சு இழுத்துச் செஞ்ச பித்தளைக்குள்ள இறுக்கம் இருக்கு. அந்த வாசனை உள்ள போயி அதை அவுத்துவிட்டுடும்."

வாசனை பித்தளையை உடைக்கும்! பரம்பரையாகப் பித்தளை அடித்த எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பயத்துக்கு நடுவிலும் அந்த அதிசயத்தில் நான் அந்த மயிர்க்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய துரையிடம் சொல்லியாக வேண்டும். என்சிக் வாயைத் திறப்பதற்குள் நானே, "நான்தாங்க தொரை வச்சேன்" என்றேன். ரப்பர் விலை படுத்துத் தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். வாரம் தவறாமல் யாராவது குடும்பத்தோடு கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். துரைக்குத் தோட்டத் தமிழ் வரும். "கேளு. நாளைக்கு இன்னொரு தோட்டா கெட்டுது, நீ அடுத்த கப்பல்ல ஊருக்குப் போ. கிராணி, நீ சுடறியா, வேற ஆள் போடவா?" என்றார். ஊரில் எனக்கு வீடு கிடையாது. என் மனைவி அப்போது மூன்றாவது பிள்ளைக்கு எட்டு மாதம்.

மற்ற ஏழு பேரிடமும் போட்டிக்கு வேண்டியதுக்கு மேல் ஒன்றும் மிச்சமில்லை. அந்த லாட்டில் மீதி இருந்தது பந்திக்கு வந்தவர்கள் மட்டும்தான். அவர்களில் அமோனியா அறையைப் பார்த்து வந்த அந்த மூன்றும் கலந்து கிடந்தன. அதையும் சொன்னேன். என்சிக்கும் நானும் மாலை வரை கண்ணாடி வைத்துத் தேடினோம். கோடு விழுந்தவை இரண்டு அகப்பட்டன. மூன்றாவது அகப்படவில்லை.

"கண்ணுக்குத் தெரியல. அதனால இல்லைன்னு அர்த்தம் இல்ல" என்றார் என்சிக்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "பத்து எடுத்துக் குடு முத்தையா. ஒன் கை எதைத் தொடுதோ அதுலதான் நான் சுடுவேன்."

"அண்ணே, வேணாண்ணே, எனக்குக் கை ஓடல."

"ஓடும். எடு."

களிம்பைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பத்து எடுத்தேன்.

போட்டி அன்று மழை பெய்து விட்டிருந்தது. வெயில் ஏறியதும் புல்வெளி ஆவி விட ஆரம்பித்தது. தொலைநோக்கியில் பார்த்தால் குறிப்பலகை தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளியும். நடுக் கறுப்பில் பட்டால் ஐந்து, வெளியே போகப் போக நாலு, மூன்று, இரண்டு. ஏழு துரைமார் சுட்டு முடித்தார்கள். கடைசியாக அண்ணன் படுத்தார். நான் பின்னால், பெட்டியோடு. என்சிக் எனக்குப் பக்கத்தில்.

ஐந்து. ஐந்து. நாலு. ஐந்து. பந்திக்கு வந்தவர்கள் மாப்பிள்ளைகளையே மிஞ்சினார்கள். ஆவி நெளிவதைப் பார்த்துக் காற்றை எடைபோட்டு, மூச்சைப் பாதி விட்டு, அண்ணன் விரலை மூடுவார். அந்த இரண்டு வினாடி நான் பள்ளத்திலிருந்து பார்த்த அந்தத் துளையை நினைத்துக்கொள்வேன். எட்டு முடிந்தபோது சிங்கப்பூர்க்காரர்களே எழுந்து வந்து நின்று பார்த்தார்கள். களிம்பு பிடித்த தோட்டாவில் ஒரு மனிதன் இப்படிச் சுடுவான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஒன்பதாவது. சத்தம் சப்பென்று இருந்தது. துரைமார் காதுக்கு அது எட்டியிருக்காது, எனக்கு எட்டியது. பள்ளத்திலிருந்து குறி காட்டினார்கள்: அடியில், இரண்டு.

நான் அண்ணனின் வலது கையைப் பார்த்தேன். இப்போது தூக்குவார். தூக்கத்தான் வேண்டும். கூட்டைக் காட்டினால் இன்னொரு சூடு. கை நகர்ந்தது. மேலே போகவில்லை. துப்பாக்கிக்குள் இருந்த கூட்டை வெளியே எகிற விடாமல் உள்ளங்கையால் வாங்கி, அப்படியே கால்சட்டைப் பைக்குள் போயிற்று. பிறகு பத்தாவதைப் போட்டார். ஐந்து.

கூட்டிப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டே புள்ளியில் தோற்றிருந்தோம்.

துரை விறுவிறுவென்று வந்தார். "ஒம்பது என்ன ஆச்சு?"

"மூச்சு தப்பிடுச்சுங்க தொரை. என் தப்பு."

அவர் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, புகை அடித்த கறுப்புத் தீற்று இருந்தது. பின்பக்கமாகக் கசிந்த புகை. துரை அதைக் கவனிக்கவில்லை. கைக்குட்டையால் அண்ணன் வேர்வை துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "தொரை" என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அப்போது என்சிக் என் முன்னால் வந்து குனிந்தார். சிமெண்டில் கிடந்த காலிக் கூடுகளை, வழக்கம்போல ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தொட்டு, எண்ணி, பெட்டியில் போட்டார். எனக்கும் எண்ணத் தெரியும். ஒன்பது. ஒரு கூட்டுக்காக ஒரு துரையையே புல்லில் தவழவிட்ட மனிதர் நிமிர்ந்தார். அண்ணனின் கன்னத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் தொடவே இல்லை.

"பத்து" என்றார், துரைக்குக் கேட்கும்படி. பிறகு எனக்கு மட்டும்: "சுக்குப், முத்தையா. போதும்."

பெட்டியை மூடிவிட்டார்.

தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் அண்ணனிடம் அழுதுகொண்டே கேட்டேன்: "ஏண்ணே கையைத் தூக்கல? தூக்கியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே. இனிமே ஒங்களைக் குழுவுல சேப்பாங்களா?"

"சேக்காட்டிப் போறாங்க. வரிசையில நின்னு மறுபடி வாங்கிக்கலாம். நீ கப்பல் ஏறிட்டா எந்த வரிசையில நின்னுடா ஒன்னை வாங்குறது?" என்றார். பைக்குள் கைவிட்டு அந்தக் கூட்டை எடுத்து என் கையில் வைத்தார். கழுத்திலிருந்து பாதி உடம்பு வரை பிளந்திருந்தது. இன்னும் சூடாக இருந்தது போல எனக்குத் தோன்றியது.

அடுத்த வருடப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. மறுபடி வர நாலு வருடம் ஆயிற்று. அந்த நாலு வருடமும் ஒத்திகைக்கு வந்தார், என்னிடம்தான் தோட்டா வாங்கினார், ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் மூன்றாவது பிள்ளை இந்த மண்ணில்தான் பிறந்தான். அவனுக்கு யூசோப் என்று பெயர் வைக்க முடியாது, தேவசகாயம் என்று வைத்தால் என் மாமியார் சண்டைக்கு வருவாள். அதனால் சகாயம் என்று மட்டும் வைத்தேன்.

என்சிக் ஓய்வு பெறும் வரை, நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், அந்த ஸ்டோரில் காலிக் கூடு ஒன்றுகூடக் குறைந்ததில்லை. குறைய விட்டதில்லை. செயலாளர் தம்பி, பழைய பதிவேடு உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, வேண்டுமானால் புரட்டிப் பாருங்கள். அந்தப் போட்டி நாளுக்கு நேரே, என்சிக்கின் அழகான கையெழுத்தில், வாங்கியது பத்து, திரும்பியது பத்து என்று இருக்கும். அந்தப் பத்தாவதைத்தான் போன வாரம் நீங்கள் என் மேசையிலிருந்து எடுத்துப் பார்த்தீர்கள்.